இரும்பின் பாட்டு – 9: நீர் ஏறிய சுவர்

இதுவரை: 1976-ல் லண்டனில் 'த்ராபிங் கிரிசில்' குழு தன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 'இன்டஸ்ட்ரியல்' என்று பெயர் வைத்தது. அந்தத் தொழிற்சாலை இரைச்சல் கடல் தாண்டி சிகாகோவுக்கு வந்து, 'மினிஸ்ட்ரி' குழுவின் கிதாரோடு கலந்து ராக் ஆனது. கிளீவ்லாந்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடி வேலை பார்த்தபடி, இரவில் அங்கேயே தன் பாட்டுகளைப் பதிவுசெய்த ட்ரென்ட் ரெஸ்னர், 1989-ல் 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' என்ற பெயரில் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 1994 மார்ச் 8 அன்று வெளியான அவருடைய 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டின் வாசலில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தப் பாட்டின் பெயர் 'ஹர்ட்'. வலி.

★

கிண்டி தொழிற்பேட்டைக்குள் வேலை நேரத்தில் நடந்தவர்களுக்கு இந்தத் தொடரின் இசையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

லேத் சுற்றும் ரீங்காரம். பிரஸ் இறங்கும் அடி. தகரத்தை அறுக்கும் கூச்சல். முதல் நாள் காது வலிக்கும். ஒரு மாதம் போனால், அங்கே நின்று வேலை பார்ப்பவரின் உடம்பு அந்தச் சத்தத்துக்குள் ஒரு தாளத்தைக் கண்டுபிடித்துவிடும். அந்தத் தாளத்தைப் பாட்டாக்கியவர்களின் கதையைத்தான் எட்டு வாரமாகப் பார்த்து வருகிறோம்.

'ஹர்ட்' அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு, காலியான ஷெட்டில் ஒருவன் மட்டும் உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும்.

தம்பூராவில் சட்ஜமும் பஞ்சமமும் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிம்மதியாக நிற்கும். இந்தப் பாட்டின் கிதாரில் அந்த நிம்மதி கிடையாது. பஞ்சமத்துக்கு அரைப் படி கீழே, பிரதி மத்திமம் இருக்கிற இடத்தில் விரல் விழுகிறது. முதல் தடவை கேட்பவருக்கு சுருதி சேரவில்லையோ என்று தோன்றும். அந்த உராய்வை ரெஸ்னர் வேண்டுமென்றே வைத்தார்.

குரல் பாதி முணுமுணுப்பு. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் ஒருவனின் வாக்குமூலம் அது. ஊசி, நினைவு, விலகிப்போன மனிதர்கள், சேர்த்து வைத்ததெல்லாம் மண்ணாகத் தெரியும் ஒரு கணம். பாட்டின் முடிவில் கிதார் வெடித்துத் திறக்கிறது. பிறகு குரலே இல்லாமல் வெறும் இரைச்சல் நெடுநேரம் ஓடித் தேய்கிறது. மொத்தம் 6 நிமிடம் 13 விநாடி.

அதை எழுதியவருக்கு ஆல்பம் வெளிவந்தபோது வயது 28.

ராக் உலகில் இசைத்தட்டில் பதிவானதே மூலம், மேடையில் பாடுவது அதன் நகல் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நம்மூர்ச் சங்கீதத்தில் அப்படி இல்லை. கீர்த்தனை ஒன்றுதான், பாடாந்தரம் பல. குருவுக்குக் குரு சங்கதி மாறும், காலப்பிரமாணம் மாறும். ஒரே வித்வான் முப்பது வயதில் பாடியதும் அறுபதில் பாடியதும் ஒன்றாக இருக்காது.

'ஹர்ட்' கீர்த்தனையின் வழியில் போன ராக் பாட்டு. மேடைக்கு மேடை, ஆளுக்கு ஆள் அது வேறொன்றாக ஆகிக்கொண்டே வந்தது. அந்தப் பயணத்தின் நடுவில், யாரும் எதிர்பாராத ஒரு வாசலுக்குள் அது நுழைந்தது. இந்த வாரம் அந்த வாசல் வரை போவோம்.

★

முதல் மாற்றம் 1994-95 சுற்றுப்பயணத்திலேயே நடந்தது.

அந்த நாட்களின் நைன் இன்ச் நெய்ல்ஸ் மேடையைப் படங்களில் பார்த்தால் கச்சேரி என்று சொல்லத் தோன்றாது. கீபோர்டுகள் உடையும். மைக் ஸ்டாண்டுகள் பறக்கும். 1994 ஆகஸ்டில் நடந்த இரண்டாம் உட்ஸ்டாக் விழாவில், உடம்பெல்லாம் சேறு வழிய அந்தக் குழு மேடையேறிய காட்சி உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் போனது.

இந்த ஆவேசத்தின் முடிவில் 'ஹர்ட்' எப்படிப் பொருந்தும்? ஒன்றரை மணி நேரம் குதித்து, மோதி, தொண்டை கிழியக் கத்திய கூட்டத்தை ஒரு முணுமுணுப்பால் எப்படிக் கட்டிப்போடுவது?

ரெஸ்னர் ஒரு திரையை இறக்கினார்.

குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே, ஊடுருவிப் பார்க்கக்கூடிய மெல்லிய திரை. அதன்மேல் படம் ஓடியது. போரில் எஞ்சியவர்கள். கேமராவையே உற்றுப் பார்க்கும் பாம்பு. செத்து அழுகிய நரி ஒன்றின் உடல், பின்னோக்கி ஓடும் படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுமையாகிறது. அந்த உருவங்களின் நடுவே, திரைக்குப் பின்னால், ஒரே ஒரு விளக்கின் கீழ் ரெஸ்னர்.

தொட முடியாத இடத்தில் பாடகர் இருந்தார். கூட்டம் அடங்கியது.

1995 பிப்ரவரி 13 அன்று நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் அந்த மேடை வடிவம் படமாக்கப்பட்டது. பாட்டின் அதிகாரபூர்வ வீடியோவும் அதுவே ஆயிற்று. ஸ்டுடியோவில் பதிவான பாட்டுக்கு மேடையில் கிடைத்த உருவமே அதன் முகமாக உலகுக்குப் போனது என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டு அதன் முதல் ஆண்டிலேயே ஸ்டுடியோவை விட்டு வெளியேறிவிட்டது.

அதே 1995-ல் வந்த 'ஃபர்தர் டவுன் தி ஸ்பைரல்' என்ற ரீமிக்ஸ் ஆல்பத்தில் இன்னொரு வடிவம் வந்தது. அதில் பாட்டை மேலும் அடக்கி, 'அமைதி' என்றே அதற்கு அடைமொழி கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருடத்துக்குள் மூன்று முகங்கள்.

★

நான்காவது முகத்தைக் கொடுக்க ஒரு மூத்தவர் வந்தார்.

1995 செப்டம்பர் 14, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரம். டேவிட் போவியும் நைன் இன்ச் நெய்ல்ஸும் சேர்ந்து தொடங்கிய பயணத்தின் முதல் இரவு. போவிக்கு வயது 48, ரெஸ்னருக்கு 30.

வழக்கமாக ஒரு குழு பாடி முடித்ததும் விளக்கைப் போடுவார்கள். சாமான்களை மாற்றுவார்கள். அடுத்த குழு வரும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ரெஸ்னரின் நேரம் முடிவதற்குள்ளேயே போவி மேடைக்கு வந்துவிட்டார். இரண்டு குழுக்களும் சேர்ந்து சில பாட்டுகளை வாசித்தன. ஒரு ஆற்றுநீர் இன்னொரு ஆற்றில் கலப்பதுபோல மேடை கைமாறியது.

அந்தக் கூட்டுப் பகுதியில் 'ஹர்ட்' இருந்தது.

ஒரு வரியை ரெஸ்னர் எடுப்பார். அடுத்ததைப் போவியின் கனத்த குரல் எடுக்கும். 1970-களின் நடுவில் கொக்கெய்னில் மூழ்கி, பெர்லினுக்குப் போய் மீண்டு வந்தவர் போவி. பாட்டில் வரும் மனிதனை அவர் இருபது வருடத்துக்கு முன்பே கண்ணாடியில் பார்த்தவர். அவர் வாயில் அந்த வரிகள் கடந்த காலமாக ஒலித்தன. ரெஸ்னரின் வாயில் அவை அன்றைய தேதி.

ரெஸ்னர் அப்போது உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருந்தார். வேறு வழியும் இருக்கிறது என்று அந்தப் பயணத்தில் போவி தன்னிடம் எடுத்துச் சொன்னதைப் பின்னாளில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்தார். அன்று அது அவர் காதில் ஏறவில்லை.

ஒரே பாட்டை, ஒரே மேடையில், நோயில் கிடப்பவனும் நோயிலிருந்து எழுந்தவனும் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டின் எதிர்காலம் முழுவதும் அந்த இரவுகளில் ஒளிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வயது ஏறினால் இந்தப் பாட்டு என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஒரு சாடை கிடைத்துவிட்டது.

★

2000-ம் ஆண்டுப் பயணத்தின்போது போதை ரெஸ்னரை லண்டனில் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது. 2001-ல் அவர் சிகிச்சைக்குப் போனார். மீண்டார்.

அந்தப் பயணத்தின் மேடைப் பதிவு 2002 ஜனவரியில் இசைத்தட்டாக வந்தபோது, அதன் கடைசிப் பாட்டும் 'ஹர்ட்'தான். ஆயிரக்கணக்கானவர்கள் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுகிறார்கள். தனியறையில் முணுமுணுத்த வாக்குமூலம் ஊர்கூடிப் பாடும் பாட்டாக மாறியிருந்தது.

எழுதியவர் உயிர் பிழைத்துவிட்டார். பாட்டில் வரும் மனிதன் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்க அவர் இனியும் தினம் தினம் போக வேண்டுமா?

ரெஸ்னர் மௌனமாக இருந்த அந்தக் காலத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

★

அழைப்பின் கதையைத் தெரிந்துகொள்ள மீண்டும் 1994-க்குப் போக வேண்டும்.

'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' வெளியாகிச் சரியாக ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, இன்னொரு ஆல்பம் வந்தது. 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்'. பாடியவர் ஜானி கேஷ். வயது 62.

கேஷ் அமெரிக்க நாட்டுப்புறச் சங்கீதத்தின் பெரிய தூண். அர்கன்சாவின் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். 1955-ல் மெம்பிஸின் சன் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறைக்குள் போய்க் கைதிகள் முன்னால் பாடியவர். மாத்திரை போதையில் பல வருடங்களை இழந்தவர். அவரைக் கைப்பிடித்துத் தூக்கியவர் மனைவி ஜூன் கார்ட்டர்.

1986-ல் அவருடைய நீண்ட நாள் நிறுவனம் அவரைக் கைவிட்டது. பழைய மனிதர், விற்காது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவரைத் தேடிப் போனவர் ரிக் ரூபின். ராப், மெட்டல் ஆல்பங்களைத் தயாரித்துப் பேர் வாங்கிய, நீண்ட தாடிக்காரர். ரூபின் கேட்டது ஒன்றே ஒன்று. பக்கவாத்தியக் கூட்டம் வேண்டாம். ஒரு கிதார், உங்கள் குரல், மனதுக்குப் பிடித்த பாட்டு. ரூபின் வீட்டு ஹாலிலேயே பதிவு நடந்தது. கேஷ் மீண்டும் பிறந்தார்.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ரூபின் புதுப் புதுப் பாட்டுகளைத் தேடி அனுப்புவார். 1996-ல் 'சவுண்ட்கார்டன்' குழுவின் முரட்டு ராக் பாட்டு ஒன்றைக் கேஷ் பாடிக் காட்டினார். 2002-ல், நான்காவது ஆல்பத்துக்காக அனுப்பிய பாட்டுகளில், ரூபின் 'ஹர்ட்'டை வைத்தார்.

கேஷுக்கு அந்த இரைச்சல் பிடிபடவில்லை. ரூபினை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்போது ரூபின் செய்த காரியம்தான் இந்த அத்தியாயத்தின் திருப்பம். ஒரு கிதார்க்காரரை வைத்துப் பாட்டை எளிமையாக வாசிக்கச் சொல்லி, வரிகளைக் கேஷ் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லி ஒரு மாதிரி தயாரித்தார். சத்தத்தை உரித்து எடுத்ததும் உள்ளே சொல் இருந்தது. கேஷ் அதைக் கண்டுகொண்டார்.

ரூபின் ரெஸ்னரை அழைத்துக் கேட்டார். கேஷ் உங்கள் பாட்டைப் பாடினால் சரியா?

ரெஸ்னருக்குப் பெருமை ஒரு பக்கம், தயக்கம் ஒரு பக்கம். வேடிக்கைப் பொருளாகிவிடுமோ என்ற பயம். ஆனாலும் சம்மதித்தார்.

★

கேஷ் பாடிய வடிவம் 3 நிமிடம் 38 விநாடி. மூலத்தில் பாதிக்குச் சற்று மேல்.

அந்த உராயும் சுரம் போய்விட்டது. மைக் கேம்பலும் ஸ்மோக்கி ஹோர்மலும் வாசித்த கிதார்கள் சுருதி சுத்தமாக நடக்கின்றன. பென்மான்ட் டென்ச்சின் பியானோ மெல்ல ஏறி, கடைசியில் சுத்தியல்போல் அடித்து, சட்டென்று நிற்கிறது. தேய்ந்து ஓடும் இரைச்சல் எதுவும் இல்லை.

அப்படியென்றால் மூலத்தில் இருந்த உராய்வு எங்கே போயிற்று?

குரலுக்குப் போயிற்று. எழுபது வயது. நீரிழிவும் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்து தின்ற உடம்பு. மூச்சு வரிக்கு நடுவில் அறுகிறது. ரெஸ்னர் கருவிகளைக்கொண்டு உண்டாக்கிய விரிசலைக் காலம் கேஷின் தொண்டையிலேயே உண்டாக்கி வைத்திருந்தது.

சொல்லில் அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. மூலத்தில் கிரீடத்தைச் சொல்லும் இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கும். கேஷ் அதை எடுத்துவிட்டு முள் என்று வைத்தார். தன்னை அருவருக்கும் இளைஞனின் கோபம், ஒரே சொல்லில், இயேசுவை நினைத்துத் தலைகுனியும் கிழவரின் மன்றாட்டாக மாறியது. சங்கதி மாறினால் கீர்த்தனையின் பாவம் மாறும் என்பார்கள். இங்கே ஒரு சொல்லால் பாட்டின் சமயமே மாறியது.

2002 நவம்பரில் ஆல்பம் வந்தது. பதிவைக் கேட்ட ரெஸ்னருக்கு அது ஒட்டவில்லை. தன் காதலியை இன்னொருவர் முத்தமிடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். தன் அந்தரங்கமான அறைக்குள் வேறொருவர் நடமாடுவதைப் போன்ற கூச்சம்.

பாட்டு இன்னும் முழுதாகக் கைமாறவில்லை. அதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது. நீர் ஏறிய ஒரு வீடு.

★

இங்கே நான் வேளச்சேரிக்கு வந்தே ஆக வேண்டும்.

2015 டிசம்பர் முதல் வாரம், சென்னை வெள்ளம். எங்கள் தெருவில் படகு போனது. தண்ணீர் வடிந்த பிறகு கீழ்வீட்டுப் பெரியவர் தன் பொருட்களை ஒவ்வொன்றாக வெயிலில் பரப்பினார். பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் ஊதிப் பெருத்திருந்தது. பக்கங்களைப் பிரித்தால் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தன. பணி ஓய்வின்போது கொடுத்த கேடயத்தின் எழுத்துகள் கலைந்திருந்தன. சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. அவர் ஒன்றும் பேசவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம், மின்சாரம் வந்த ஒரு இரவில், கேஷின் வீடியோவை மறுபடியும் பார்த்தேன். அதுவரை பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அன்றுதான் சுவர்களைப் பார்த்தேன்.

டென்னசி மாநிலத்தின் ஹெண்டர்சன்வில்லில், கேஷின் வீட்டுக்கு அருகில் 'ஹவுஸ் ஆஃப் கேஷ்' என்று ஒரு அருங்காட்சியகம் இருந்தது. ஒரு காலத்தில் ரசிகர்கள் வரிசையில் நின்று பார்த்த இடம். பல வருடங்களாக மூடிக் கிடந்தது. வெள்ளத்தில் சேதமடைந்திருந்தது. 2003 பிப்ரவரியில் இயக்குநர் மார்க் ரோமனெக் அங்கே போனார். ரெஸ்னரின் 'க்ளோசர்' பாட்டுக்கு வீடியோ எடுத்தவரும் அதே ரோமனெக்தான்.

கதவைத் திறந்த ரோமனெக் அதைச் சுத்தம் செய்யவில்லை. பழுதான நிலையிலேயே படம்பிடித்தார். உடைந்த இசைத்தட்டுகள், சரிந்த சட்டங்கள், பூட்டிய கதவு. மறுபுறம் கேஷின் வீட்டில், பழங்களும் இறைச்சியும் நிறைந்த மேசை முன்னால் கறுப்பு உடையில் அவர். கை நடுங்குகிறது. மதுவை மேசைமேல் கவிழ்க்கிறார். நடுநடுவே பழைய படச்சுருள்களில் இளைஞன் கேஷ், ரயில், சிறைச்சாலை, கூட்டம், சிலுவை. படிக்கட்டில் நின்று கணவரையே பார்க்கும் ஜூன் கார்ட்டரின் முகம். கடைசியில் கேஷ் பியானோவின் மூடியைச் சாத்தி, அதன்மேல் கை வைத்துத் தடவுகிறார்.

ரெஸ்னர் எழுதியபோது, சேர்த்ததெல்லாம் மண் என்பது ஒரு உவமை. 28 வயதில் எதையும் முழுதாகச் சேர்த்திருக்கவும் முடியாது, இழந்திருக்கவும் முடியாது. கேஷிடம் மண்ணே இருந்தது. நீர் ஏறி வடிந்த, பூட்டிக் கிடந்த அருங்காட்சியகம் இருந்தது. உவமை முகவரி தேடி வந்து சேர்ந்துவிட்டது.

கேஷுக்கு வெள்ளம் புதிதும் அல்ல. ஐந்து வயதை நெருங்கும் சிறுவனாக, 1937-ல், அர்கன்சாவில் தன் வீட்டுக்குள் நீர் ஏறியதைப் பார்த்தவர் அவர். அந்த நீர் அடி அடியாக உயர்ந்ததைப் பற்றி 1959-ல் ஒரு பாட்டே எழுதியிருக்கிறார். வாழ்வின் தொடக்கத்திலும் முடிவிலும் சுவரில் அதே கோடு.

★

வீடியோவின் ஒரு பிரதி ரெஸ்னருக்கு வந்தது. அவர் அப்போது ஒரு ஸ்டுடியோவில் பாடகர் ஜாக் டி லா ரோச்சாவுடன் வேலை செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து போட்டுப் பார்த்தார்கள்.

ரெஸ்னர் அழுதார். அந்தப் பாட்டு இனி என்னுடையது இல்லை என்ற பொருளில் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். கூச்சம் போய்விட்டிருந்தது. படுக்கையறையில் தனிமையில் எழுதிய வரிகள், முற்றிலும் வேறான உலகத்திலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரின் வாயில், குறையாத பொருளோடு நின்றதை அவர் வியந்தார்.

'இனி என்னுடையது இல்லை' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒப்பாரி நினைவுக்கு வரும். ஒப்பாரி வரிகளுக்கு உரிமையாளர் கிடையாது. போன மாதம் ஒருத்தி தன் கணவனுக்குச் சொல்லி அழுத அதே அடிகளை, இந்த மாதம் இன்னொருத்தி தன் மகனுக்குச் சொல்லி அழுவாள். எந்த வீட்டில் சாவோ அந்த வீட்டுக்குப் பாட்டு சொந்தம். யார் முதலில் கட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

'குறை ஒன்றும் இல்லை' பாட்டை எழுதியவர் ராஜாஜி. அடையாற்றின் கரையில், கோட்டூர்புரத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் இல்லாமல் அந்தப் பாட்டை இன்று யாரால் நினைக்க முடியும்? எழுதியவரிடம் அது பிரார்த்தனை. பாடியவரிடம் அது ஒரு முழு வாழ்க்கையின் கையெழுத்து.

'ஹர்ட்' அப்படிக் கேஷின் வீட்டுக்குப் போனது. அந்த வீட்டில் உண்மையாகவே சாவு வந்தது.

★

2003 ஏப்ரல் 1. அந்த வீடியோவை ஒளிப்பதிவு செய்த ழான்-ஈவ் எஸ்கோஃபியே இறந்தார். எம்டிவி விருதுகளில் அந்த வீடியோவுக்குக் கிடைத்தது சிறந்த ஒளிப்பதிவுக்கான பரிசு. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

மே 15. படிக்கட்டில் நின்ற ஜூன் கார்ட்டர் இறந்தார்.

செப்டம்பர் 12. ஜானி கேஷ் இறந்தார். வயது 71.

கேமராவுக்குப் பின்னால் நின்றவர், படிக்கட்டில் நின்றவர், மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவர். ஏழு மாதத்துக்குள் மூவரும் போய்விட்டார்கள். நாட்டுப்புறச் சங்கீதச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த சிங்கிள் என்று 'ஹர்ட்'டுக்குப் பரிசு கொடுத்தபோது கேஷ் உயிரோடு இல்லை. தொழிற்சாலை இரைச்சலில் பிறந்த ஒரு பாட்டு, கிராமத்துச் சங்கீதத்தின் பெரிய பரிசுகளில் ஒன்றை வாங்கியது.

அந்தப் பியானோ மூடி இப்போது உண்மையாகவே சாத்தப்பட்டுவிட்டது. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய முடிவு கிடைக்காது என்று பலரும் நினைத்தார்கள்.

பாட்டை எழுதியவர் மட்டும் உயிரோடு இருந்தார்.

★

2005. ரெஸ்னருக்கு 40 வயது நெருங்குகிறது. போதை இல்லாத நான்காவது ஆண்டு. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு, புதுக் குழுவோடு, அவர் மறுபடி மேடையேறத் தயாராகிறார். அன்றைக்கு என்னென்ன பாட்டு என்று எழுதிய தாள் மேடைத் தரையில் ஒட்டப்பட வேண்டும். கடைசி வரியில் எதை எழுதுவது?

கூட்டத்தில் ஒரு பாதிக்கு 'ஹர்ட்' என்றால் ஓமஹாவின் திரை, அழுகிய நரி, அந்த உராயும் சுரம். இன்னொரு பாதிக்கு அது செத்துப்போன ஒரு கிழவரின் பாட்டு. இது உங்கள் பாட்டா என்று எழுதியவரிடமே கேட்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.

பாடாமல் விட்டால், கேஷுக்குச் செய்யும் மரியாதை. பாடினால், கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதுபோல் ஆகும். பழையபடி திரையை இறக்கிப் பாடலாமா? ஊசியை விட்டுவிட்ட மனிதன் ஊசியைப் பற்றி எந்தக் குரலில் பாடுவான்? கேஷைப் போலச் சத்தத்தை உரித்துப் பாடினால், தன் பாட்டையே தான் நகல் எடுத்த மாதிரி ஆகிவிடாதா?

கீழ்வீட்டுப் பெரியவர் அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போடவில்லை. முகங்கள் உரிந்துபோன பக்கங்களை அப்படியே வைத்திருந்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவரில் மட்டும் அந்தப் பழுப்புக் கோட்டை அடிக்காமல் விடச் சொன்னார்.

விளக்கு அணைகிறது. கூட்டம் கத்துகிறது. கீபோர்டின் முன்னால் ஒருவர் தனியாக வந்து உட்காருகிறார். கைமாறிப்போன பாட்டை, எழுதியவர் எந்த உரிமையில், எந்தக் குரலில் மறுபடி தொடங்குவார்?

(தொடரும்)